அம்மோனியாவின் நெடியும் எண்ணத் தெரிந்த தேவதூதனும்

பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுகிறவர் தெருவுக்கு வந்த காலம் சிலருக்கு நினைவிருக்கும். தரையில் சின்னக் குழி, அதில் கரி, பக்கத்தில் துருத்தி. நன்றாகக் காய்ந்த பாத்திரத்துக்குள் ஒரு சிட்டிகை நவச்சாரத்தைத் தூவுவார். வெள்ளைப் புகை குபீரென்று கிளம்பும். வேடிக்கை பார்க்க நின்ற பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவோம். அவர் மட்டும் அசையாமல், பஞ்சால் பாத்திரத்தின் உட்புறத்தை ஒரு சுற்றுத் தேய்ப்பார். நவச்சாரம் என்பது அம்மோனியம் குளோரைடு. சூட்டில் அது பிரியும்போது வருகிற அம்மோனியாதான் எங்களை விரட்டியது.

அந்த நெடியை வைத்து ஒரு பெரிய கேள்வியைக் கேட்டவர் கேம்பிரிட்ஜில் இருந்த தத்துவவாதி சி. டி. பிராட். மனதுக்கு இயற்கையில் என்ன இடம் என்பதைப் பற்றி 1925-இல் அவர் எழுதிய நூலில் ஒரு தேவதூதன் வருகிறான். கணக்கில் அவனுக்கு எல்லையே இல்லை. அணுக்களின் அமைப்பு அத்தனையும் அவன் கண்ணுக்குத் தெரியும். அம்மோனியா மூலக்கூறு எப்படி இருக்கும் என்பதை அவன் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிவிடுவான். அது மூக்கின் சவ்வில் பட்டால் நரம்பில் என்ன நடக்கும் என்பதைக்கூடச் சொல்லிவிடலாம். ஆனால் அந்த நெடி எப்படி இருக்கும்? யாராவது ஒருவர் முகர்ந்து பார்த்துச் சொன்னாலன்றி அவனுக்குத் தெரிய வழியில்லை என்றார் பிராட்.

மனம், உணர்வு என்று வரும்போது இந்த வாதம் இன்றும் உயிரோடு இருக்கிறது. பிராட் அதோடு நிற்கவில்லை. வேதியியலும் அப்படித்தான் என்று நினைத்தார். வெள்ளியைப் பற்றித் தனியாகவும் குளோரினைப் பற்றித் தனியாகவும் எவ்வளவு தெரிந்திருந்தாலும், இரண்டும் கூடிய வெள்ளி குளோரைடின் குணத்தை அவற்றிலிருந்து வருவிக்க முடியாது என்றார். பாவம், நேரம் சரியில்லை. இரண்டே ஆண்டுகளில், 1927-இல், ஹைட்லர், லண்டன் என்ற இரு இயற்பியலாளர்கள், இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் ஏன் ஒட்டிக்கொள்கின்றன என்பதைக் குவாண்டம் இயக்கவியலைக் கொண்டு கணக்கிட்டுக் காட்டினார்கள். 1929-இல் இயற்பியலாளர் டிராக், வேதியியல் முழுவதற்கும் அடிப்படையான விதிகள் இப்போது தெரிந்துவிட்டன, சமன்பாடுகளைத் தீர்ப்பது கடினம் என்பதுதான் மிச்சமுள்ள சிக்கல் என்ற பொருளில் எழுதினார். பிராட் சார்ந்திருந்த தத்துவப் பள்ளியை இயற்பியலாளர்கள் அத்துடன் மறந்துபோனார்கள்.

இங்கே இரண்டு சொற்களைச் சொல்லிவிட வேண்டும். மேல்தளத்தில் காணும் ஒன்றைக் கீழ்த்தளத்து விதிகளிலிருந்து வருவித்துக் காட்டுவதைக் குறுக்கம் என்று சொல்லலாம். காற்றின் வெப்பநிலை என்பது அதன் மூலக்கூறுகளின் சராசரி இயக்க ஆற்றலைத் தவிர வேறில்லை என்று பாடப்புத்தகம் சொல்வது குறுக்கத்துக்கு நல்ல உதாரணம். கூட்டம் சேர்ந்தபின், தனி உறுப்பினர் எவரிடமும் இல்லாத புதுக் குணம் ஒன்று தோன்றுவதை முகிழ்ப்பு என்கிறேன். ஒரு நீர் மூலக்கூறு ஈரமாக இராது. ஓர் இரும்பு அணுவை வைத்துக் குண்டூசி பொறுக்க முடியாது. இந்த இரண்டு சொற்களும் ஒன்றுக்கொன்று பகை என்று தத்துவ நூல்கள் வெகுகாலம் எழுதிவந்தன. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஏன் என்பதைச் சொல்ல மறுபடியும் அம்மோனியாவிடம்தான் போக வேண்டும்.

1972 ஆகஸ்டில் 'சயன்ஸ்' இதழில் பிலிப் ஆண்டர்சன் ஒரு சிறு கட்டுரை எழுதினார். பெல் ஆய்வகத்தில் திடப்பொருள் இயற்பியல் செய்துகொண்டிருந்தவர். ஐந்து ஆண்டு கழித்து நோபல் பரிசு பெற்றார். எண்ணிக்கை கூடினால் ஆளே வேறு என்பதுதான் கட்டுரைத் தலைப்பின் சாரம். அவரும் எடுத்துக்கொண்ட முதல் உதாரணம் அம்மோனியா. பிராட் மூக்கில் தொடங்கினார் என்றால், இவர் மூலக்கூறுக்குள்ளேயே நுழைந்தார்.

மூன்று ஹைட்ரஜன்கள் முக்கோணமாக அமர, அவற்றுக்கு மேலே கூம்பின் உச்சிபோல ஒரு நைட்ரஜன். வேதியியல் புத்தகத்தில் அம்மோனியாவின் படம் இதுதான். இப்படி இருந்தால் மூலக்கூறின் ஒரு பக்கம் நேர்மின்னும் மறுபக்கம் எதிர்மின்னும் சற்றே மிகுந்திருக்கும். அதாவது அதற்கு ஒரு மின் இருமுனை இருக்கும். ஆனால் மேல், கீழ் என்ற பாகுபாடு இயற்கை விதிகளில் கிடையாது. நைட்ரஜன் முக்கோணத்துக்கு மேலே இருப்பதும் கீழே இருப்பதும் விதிக்கு ஒன்றே. எனவே விதியைக் கறாராகப் பின்பற்றினால், மாறாமல் நிலைத்திருக்கும் நிலையில் உள்ள மூலக்கூறு இரண்டு வடிவங்களையும் சரிபாதி கலந்ததாக இருந்தாக வேண்டும். அதற்கு இருமுனை இருக்கவே கூடாது. படமா, விதியா?

அம்மோனியாவைப் பொறுத்தவரை விதிதான் வெல்கிறது. மழையில் சிக்கிய குடை காற்றில் புரண்டு கவிழ்வதுபோல், நைட்ரஜன் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் நொடிக்குச் சுமார் 2,400 கோடி முறை புரள்கிறது. நடுவில் இருக்கும் ஆற்றல் மேட்டை ஏறிக் கடக்க அதற்கு வலு இல்லை. குவாண்டம் இயக்கவியல் அனுமதிப்பதால் மேட்டைத் துளைத்துக்கொண்டு போகிறது. இது வெறும் ஏட்டுக் கணக்கு அல்ல. இந்தப் புரளலின் அதிர்வெண்ணை வைத்துத்தான் சார்லஸ் டவுன்ஸ் குழுவினர் 1954-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மேசர் கருவியை இயக்கினார்கள். லேசருக்கு அதுதான் அண்ணன்.

இனி நைட்ரஜனுக்குப் பதில் அதன் பங்காளியான பாஸ்பரசை வைப்போம். அதுவும் கூம்புதான், ஆனால் மேடு வெகு உயரம். புரளல் மிக மிக அரிது. இன்னும் கனமான மூலக்கூறுகளுக்குப் போனால் புரளலையே காண முடியாது. சர்க்கரைக்கு வருவோம். உயிரினங்கள் உண்டாக்கும் சர்க்கரைக்கு இடக்கை, வலக்கை போன்ற ஒரு சாய்வு உண்டு. கரும்பிலிருந்து வருவதன் கண்ணாடிப் பிம்பமும் இயற்கை விதிப்படி சரிசமமாக உலவலாம். ஆனால் ஒரு சர்க்கரை மூலக்கூறு தானே தன் பிம்பமாகப் புரள்வதைப் பார்க்கப் பிரபஞ்சத்தின் வயது போதாது. அப்படி இரண்டும் கலந்த நிலையில் அதை எப்படியோ நிறுத்தினாலும், காற்றும் ஒளியும் வந்து இடித்து நொடியில் அதை ஒரு கைப்பக்கம் தள்ளிவிடும். 1848-இல் லூயி பாஸ்டர் டார்டாரிக் அமிலத்தின் உப்புப் படிகங்களை இடுக்கியால் இடக்கை ஒரு குவியல், வலக்கை ஒரு குவியல் என்று பொறுக்கிப் பிரித்தாரே, அந்தப் பிரிவினை சாத்தியமானது இதனால்தான்.

சர்க்கரையில் எந்த விதியும் மீறப்படவில்லை. அம்மோனியாவை ஆளும் அதே சமன்பாடுதான் அதையும் ஆள்கிறது. விதியில் இருக்கும் சமச்சீர் பெரிய பொருளின் நடத்தையில் மட்டும் காணாமல் போகிறது. உப்புப் படிகமும் இதே கதைதான். எந்த இடமும் மற்ற இடத்தைவிட உசத்தி இல்லை என்பது விதி. படிகமோ அணுக்களை வரிசை போட்டு உட்கார வைத்து, இன்ன இடம் உனக்கு என்று சீட்டுக் கொடுக்கிறது. எல்லாவற்றையும் எளிய அடிப்படை விதிகளாகக் குறுக்க முடிகிறது என்பதால், அந்த விதிகளிலிருந்து தொடங்கி உலகத்தைத் திரும்பக் கட்டி எழுப்பிவிடலாம் என்று ஆகாது. இதுதான் ஆண்டர்சன் வைத்த வாதம். கடிகாரத்தைக் கழற்றிய பிள்ளைகள் எல்லோருக்கும் இது தெரிந்ததுதான். ஆண்டர்சன் காட்டியது அதைவிட ஒரு படி மேல்: கழற்றி வைத்த உதிரிகளில் பார்க்கவே முடியாத குணம் ஒன்று, எண்ணிக்கை பெருகும்போது தலைகாட்டுகிறது.

இந்த வாதத்துக்குப் பணப் பின்னணியும் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. அடிப்படைத் துகள்களை ஆராய்பவர்களே ஆழமான இயற்பியல் செய்கிறார்கள், மற்றவர்கள் அதைப் பயன்படுத்திப் பிழைக்கிறார்கள் என்ற மிதப்பு அன்று பரவலாக இருந்தது. ஆண்டர்சனுக்கு அது எரிச்சலூட்டியது. பிற்பாடு டெக்சஸில் 87 கிலோமீட்டர் சுற்றளவில் ஒரு மாபெரும் துகள் முடுக்கி கட்டும் திட்டம் வந்தபோது, அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் அவர் எதிராகப் பேசினார். துகள் இயற்பியலாளர் ஸ்டீவன் வெய்ன்பெர்க் ஆதரித்துப் பேசினார். 1993-இல் சுரங்கம் கொஞ்சதூரம் தோண்டிய நிலையில் திட்டம் கைவிடப்பட்டது. வெய்ன்பெர்க் ஒன்றும் முரட்டுக் குறுக்கவாதி அல்ல. ஏன், ஏன் என்று கேட்டுக்கொண்டே போனால் விடைகள் எல்லாம் ஒரே திசையில், கீழ்நோக்கி, போகின்றன என்பதே அவர் சொன்னது. அதை ஆண்டர்சனும் மறுக்கவில்லை. கீழே போகும் பாதை தெரிந்தால் மேலே வரும் பாதையும் தெரிந்த மாதிரி என்று நினைப்பதைத்தான் அவர் மறுத்தார்.

'கொள்கையளவில் வருவிக்கலாம்' என்ற சொற்றொடர் இந்த விவாதத்தில் ரொம்ப மலிவாகச் செலவாகிறது. காந்த ஊசி போல மேல் அல்லது கீழ் என்று இரண்டே நிலைகள் உள்ள துகள்கள் வெறும் 300 இருக்கின்றன என்று வையுங்கள். அவற்றின் பொதுவான குவாண்டம் நிலையை முழுதாகக் குறிக்க வேண்டிய எண்களின் எண்ணிக்கை, நமக்குத் தெரிகிற பிரபஞ்சத்தில் உள்ள அணுக்களைவிட அதிகம். ஒரு மடக்குத் தண்ணீரில் இருக்கும் மூலக்கூறுகளோ 6-க்குப் பின் 23 சுழியங்கள். இதில் கொள்கையளவு என்பதற்கு என்ன பொருள் மிச்சமிருக்கிறது என்று யோசித்துப் பார்க்கலாம்.

மீக்கடத்தலின் வரலாறு இதற்கு நல்ல சாட்சி. பாதரசத்தை 4.2 கெல்வினுக்குக் குளிர்வித்தால் அதன் மின்தடை மறைந்துவிடுகிறது என்று 1911-இல் லெய்டனில் காமர்லிங் ஓன்ஸின் ஆய்வகம் கண்டது. 1926-க்குள் குவாண்டம் இயக்கவியலின் அடிப்படைச் சமன்பாடு கையில் வந்துவிட்டது. ஐன்ஸ்டைன், போர், ஹைசன்பெர்க், ஃபைன்மன் என்று ஜாம்பவான்கள் ஒவ்வொருவராக முட்டிப் பார்த்துத் தோற்றார்கள். 1957-இல்தான் பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் மூவரும் விளக்கினார்கள். அதுவும் சமன்பாட்டை நேராகத் தீர்த்து அல்ல. எலக்ட்ரான்கள் ஜோடி சேர்கின்றன என்ற ஒரு எண்ணத்தைப் பிடித்து, அங்கிருந்து தொடங்கி. மீக்கடத்தல் என்று ஒன்று இருக்கும் என்பதைப் பார்ப்பதற்கு முன்னால், சமன்பாட்டை மட்டும் வைத்து யாரும் முன்கூட்டிச் சொன்னதில்லை.

சரி, இதெல்லாம் நம்முடைய இயலாமைதானே என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. நமக்கு வரவில்லை என்றால் தேவதூதனுக்கு வந்துவிட்டுப் போகிறது. முகிழ்ப்பு என்பது அறியாமைக்கு இட்ட செல்லப்பெயராகவும் இருக்கலாம். ஆனால் அடுப்பில் கொதிக்கும் தண்ணீர் அந்தத் தேவதூதனையே கொஞ்சம் திணறடிக்கிறது.

நீர் கொதித்து ஆவியாவதற்குக் குறிப்பிட்ட வெப்பநிலை உண்டு. அதுவரை திரவம், அதைத் தாண்டினால் வாயு. கத்தியால் வெட்டினாற்போல ஒரு எல்லை. மூலக்கூறுகளிலிருந்து இதைக் கணக்கிட, அவை எடுக்கக்கூடிய நிலைகள் அனைத்தையும் கூட்டி ஒரு பெருந்தொகை அமைப்பார்கள். அதில்தான் வம்பு. கூட்டப்படும் ஒவ்வோர் உறுப்பும் வழவழப்பான சார்பு. வரையறையுள்ள எண்ணிக்கையில் வழவழப்பானவற்றைக் கூட்டினால் விடையும் வழவழப்பாகத்தான் இருக்கும். கூர்மையான முறிவு அதில் வரவே வராது. ஆக, கணிதத்தின் கண்டிப்பான தீர்ப்புப்படி, எந்தப் பாத்திரத்திலும் தண்ணீர் கூர்மையாகக் கொதிப்பதில்லை. முறிவு வேண்டுமென்றால் மூலக்கூறுகள் முடிவிலி எண்ணிக்கையில் இருக்க வேண்டும்.

இயற்பியலாளர் வான் டர் வால்ஸின் பிறந்த நூற்றாண்டை ஒட்டி 1937-இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய இயற்பியலாளர்கள் இதில் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். அந்தக் கூட்டுத்தொகைக்குள் திரவம் வாயுவாகும் நிலைமாற்றம் அடங்குமா அடங்காதா என்பதை அவர்களில் ஒருவரான கிராமர்ஸ் வாக்கெடுப்புக்கே விட்டார் என்றும், வாக்குகள் ஏறத்தாழச் சரிபாதியாகப் பிரிந்தன என்றும் சொல்வார்கள். கணிதத்தை ஓட்டுப் போட்டுத் தீர்மானிக்கப் பார்த்த கூட்டம் என்று நினைக்கும்போது சிரிப்பு வருகிறது. முடிவிலி எல்லைக்குப் போக வேண்டும் என்று கிராமர்ஸ் சொன்னது பின்னர் சரியானது. 1944-இல் லார்ஸ் ஆன்சாகர், தட்டையான பரப்பில் அடுக்கிய காந்த ஊசிகளின் மாதிரியைத் துல்லியமாகத் தீர்த்து, முடிவிலியில் கூர்மையான முறிவு வருவதைக் கண்முன் வைத்தார்.

தத்துவவாதிகளுக்கு இது அல்வா. இல்லாத முடிவிலியைக் கொண்டுவந்தால்தான் இருக்கிற கொதிநிலையை விளக்க முடியும் என்றால், கீழ்த்தளத்திலிருந்து மேல்தளத்தை வருவித்ததாக எப்படிச் சொல்வது என்று ராபர்ட் பேட்டர்மன் 2002-இல் வெளியான நூலில் தொடங்கித் தொடர்ந்து கேட்டுவருகிறார். கேம்பிரிட்ஜின் ஜெரமி பட்டர்ஃபீல்டு 2011-இல் பதில் சொன்னார்: முடிவிலியில் வரப்போகும் கூர்மை அதற்கு முன்பே, பெரிய ஆனால் வரையறையுள்ள எண்ணிக்கையிலேயே, எந்தக் கருவியாலும் பிரித்தறிய முடியாத அளவுக்கு வந்துவிடுகிறது, முடிவிலி ஒரு வசதி, அவ்வளவுதான். பாத்திரத்துத் தண்ணீர் விஷயத்தில் நான் பட்டர்ஃபீல்டு பக்கம். 23 சுழியங்களுக்கும் முடிவிலிக்கும் உள்ள வித்தியாசத்தை எந்த வெப்பமானி காட்டப்போகிறது?

ஆனால் பேட்டர்மனின் கேள்விக்குள் இன்னொன்று ஒளிந்திருக்கிறது. அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனால் திரவத்துக்கும் வாயுவுக்கும் உள்ள வேறுபாடு குறைந்து, ஒரு புள்ளியில் மறைந்துவிடுகிறது. கார்பன் டை ஆக்சைடுக்கு அது 31 டிகிரியும் 73 வளிமண்டல அழுத்தமும். பெல்ஃபாஸ்டில் தாமஸ் ஆண்ட்ரூஸ் 1869-இல் விவரித்தது. அந்த மாறுநிலைப் புள்ளியை நெருங்கும்போது, தெளிந்த திரவம் பால் கலந்தாற்போல வெளுக்கும். 1945-இல் குகன்ஹைம் எட்டுப் பொருள்களின் அளவீடுகளை எடுத்து, ஒவ்வொன்றையும் அதனதன் மாறுநிலைப் புள்ளியை அலகாக வைத்து ஒரே தாளில் வரைந்தார். நியான், ஆர்கான், கிரிப்டான், ஜெனான், நைட்ரஜன், ஆக்சிஜன், கார்பன் மோனாக்சைடு, மீத்தேன். எட்டும் ஒரே வளைகோட்டில் விழுந்தன. நியான் ஒற்றை அணு, மீத்தேன் ஐந்து அணுக்களின் கட்டு. அந்த வளைகோட்டுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. பிற்பாடு தெரிந்தது இன்னும் விசித்திரம். ஒரே அச்சில் மட்டும் காந்தமாகும் திண்மங்களைச் சூடாக்கினால் அவற்றின் காந்தம் மறைகிற வேகத்தைக் குறிக்கும் அடுக்கெண்ணும், திரவ-வாயு வேறுபாடு மறைகிற வேகத்தின் அடுக்கெண்ணும் ஒன்றே: சுமார் 0.326.

திரவத்துக்கும் காந்தத்துக்கும் என்ன உறவு? பொருளாக எந்த உறவும் இல்லை. 1971-இல் கென்னத் வில்சன் கொடுத்த விளக்கம், நான் படித்த இயற்பியலில் மிக அழகானவற்றில் ஒன்று. பொருளைச் சற்று எட்ட நின்று, நுணுக்கங்களை மங்கவிட்டுப் பாருங்கள். மங்கிய படத்துக்கு ஒரு புது விதி கிடைக்கும். இன்னும் எட்டப் போங்கள், இன்னொரு விதி. ஒவ்வொரு அடியிலும் எந்த அணு, என்ன விசை என்ற விவரங்கள் உதிர்ந்துகொண்டே வரும். மாறுநிலைப் புள்ளியில் கடைசியாக மிஞ்சுவது வெளி எத்தனை பரிமாணம், என்ன சமச்சீர் என்பதுபோன்ற இரண்டு மூன்று தகவல்கள் மட்டுமே. அந்த இரண்டு மூன்றும் ஒத்துப்போனால் மீத்தேனும் காந்தமும் ஒரே எண்ணைத்தான் காட்டும்.

என்னைப் பொறுத்தவரை முகிழ்ப்பின் உயிர்நிலை இங்கே இருக்கிறது. மேல்தளம் கீழ்த்தளத்தை மீறுவதில்லை. பெரும்பகுதியைப் பொருட்படுத்தாமல் விடுகிறது. ஏன் பொருட்படுத்தவில்லை என்பதைக் கீழ்த்தளத்துக் கணிதமே சொல்கிறது. குறுக்கமும் முகிழ்ப்பும் இங்கே ஒரே வீட்டில் குடியிருக்கின்றன. பிராட்டின் தேவதூதன் மீத்தேனின் ஒவ்வொரு மூலக்கூறையும் தொடர்ந்து கணக்கிட்டு 0.326 என்று சொல்வான். காந்தத்துக்கும் அதேபோல இன்னொரு முழுக் கணக்குப் போட்டு 0.326 என்பான். இரண்டு விடையும் ஏன் ஒன்றாக வந்தன என்று கேட்டால், அவன் தன் கணக்குகளைத் தூக்கிப் போட்டுவிட்டு வில்சனைப் படிக்க வேண்டியிருக்கும்.

கடைசியாக ஓர் இரவு. 1980 பிப்ரவரி 5, விடிவதற்கு வெகுநேரம் முன்பு, பிரான்சின் கிரெனோபிள் நகரத்து ஆய்வகத்தில் கிளவுஸ் ஃபான் கிளிட்சிங் ஒரு சிலிக்கான் டிரான்சிஸ்டரை மிகக் குளிர்வித்து, புவியின் காந்தப்புலத்தைப்போல் மூன்று லட்சம் மடங்குக்கு மேலான புலத்தில் வைத்து அளந்துகொண்டிருந்தார். மின்னோட்டத்துக்குக் குறுக்குவாட்டில் அளந்த தடை, ஒழுங்காக ஏறாமல் படிக்கட்டாக நின்று நின்று மாறியது. ஒவ்வொரு படியும் 25,812.807 ஓமை ஒரு முழு எண்ணால் வகுத்த அளவு. பிளாங்க் மாறிலியை எலக்ட்ரான் மின்னூட்டத்தின் இருமடியால் வகுத்தால் வருவதும் அதே எண்தான். சிலிக்கான் சுத்தமா, துண்டு எந்த வடிவம், என்ன அளவு? எதுவும் அந்த எண்ணை அசைக்கவில்லை. சொல்லப்போனால் பொருளில் கொஞ்சம் அழுக்கு இருந்தால்தான் அந்தப் படி அகலமாகத் தெரியும். எலக்ட்ரான்கள் சில மட்டும் இருந்தால் இந்தத் துல்லியம் வராது; கூட்டம் பெருகப் பெருகத்தான் வரும்.

1990 முதல் உலகின் மின்தடை அளவுகோல் இந்தப் படிக்கட்டுதான். 2019 மே 20 முதல் கிலோகிராம் பாரிசை அடுத்து வைக்கப்பட்ட உலோக உருளையை விட்டுப் பிளாங்க் மாறிலிக்கு மாறியது. அந்த மாறிலியின் மதிப்பைத் துல்லியமாக அளந்த வழிகளில் ஒன்று கிப்பிள் தராசு. அதில் மின்தடையை இந்தப் படிக்கட்டும், மின்னழுத்தத்தை மீக்கடத்திகளின் ஜோசப்சன் விளைவும் அளக்கின்றன. தனி அணுவையும் தனி ஒளித்துகளையும் ஆளும் மிக அடிப்படையான எண்ணை, அழுக்குச் சில்லுகளில் நெருக்கியடிக்கும் எலக்ட்ரான் கூட்டத்திடம் கேட்டுத் தெரிந்துகொண்டோம்.

கிளிட்சிங்கின் அந்த இரவுக்கு இரண்டு ஆண்டு கழித்து, 1982-இல், டேனியல் சூயியும் ஹோர்ஸ்ட் ஷ்டோர்மரும் இன்னும் சுத்தமான, இன்னும் குளிர்ந்த துண்டில் மூன்றில் ஒரு பங்குப் படி ஒன்றைக் கண்டார்கள். அந்தக் கூட்டத்துக்குள் ஓடும் சலனங்கள் எலக்ட்ரான் மின்னூட்டத்தில் மூன்றில் ஒரு பங்கைச் சுமக்க வேண்டும் என்று அடுத்த ஆண்டே ராபர்ட் லாஃப்லின் காட்டினார். 1997-இல் இஸ்ரேலிலும் பிரான்சிலுமாக இரண்டு குழுக்கள், ஓட்டில் விழும் மழைத்துளியின் ஓசையைக் கேட்டே துளியின் பருமனைச் சொல்வதுபோல, மின்னோட்டத்தின் இரைச்சலை அளந்து அந்தப் பங்கை உறுதிசெய்தன. எலக்ட்ரானை இதுவரை யாரும் உடைத்ததில்லை. இந்தத் துண்டிலும் அது உடையவில்லை. காந்தப்புலத்தை அணைத்து, துண்டை அறைவெப்பத்துக்குக் கொண்டுவந்து எலக்ட்ரான்களை ஒவ்வொன்றாக எண்ணினால் முழு எலக்ட்ரான்களே வரும்; மூன்றில் ஒரு பங்கு எங்கும் கிடைக்காது. மறுபடி குளிர்வித்துப் புலத்தை ஏற்றினால், திரும்ப வந்து உட்கார்ந்திருக்கும். இதை அறிய யாருடைய மூக்கும் தேவையில்லை. ஒரு மின்மானி போதும்.